நடுவில் முடிச்சில்லாத விரிப்பு

என் தையல் மெசினின் மிதிபலகைக்கு முன்னால் ஒரு சின்ன விரிப்பு கிடக்கிறது. கிழித்த துணிக் கீலம் மூன்றைச் சேர்த்த பின்னல், முட்டை வடிவம். ஓரம் கரும்பச்சை, அதற்குள் பழுப்பு, நடுவில் பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளை. அந்த வெள்ளை இப்போது வெள்ளையில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாராவது அதை மிதித்தால் எனக்குக் கோபம் வரும். மிதிக்கத்தானே செய்தது என்று கேட்பார்கள். மிதிக்கத்தான் செய்தது, ஆனால் நான் மிதிப்பதற்கு.

அதைப் பின்னித் தந்தவரை ராத்தா, அக்கா, என்று கூப்பிடுவோம். தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், எல்லாருக்கும் அவர் ராத்தாதான். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், இனிச் சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் பெயரை எழுதாததற்குக் காரணம் போகப் போக விளங்கும்.

நான் கடை திறந்த புதிதில் வெட்டுத்துண்டு கேட்டு வந்தார். தையல்காரனுக்கு வெட்டுத்துண்டு குப்பை. மூலையில் கிடந்த சாக்கைக் காட்டி, முழுக்க எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் எடுக்கவில்லை. சாக்குக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு துண்டாக விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

“இது பருத்தியா தம்பி?”

“சுத்தப் பருத்தி ராத்தா. கடைக்காரர் சொல்லித்தான் தந்தார்.”

“நெருப்புப் பெட்டி இரிக்கா?”

கொடுத்தேன். துண்டிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். அது சாம்பலாகவில்லை. உருகிச் சுருண்டு நுனியில் கறுத்த மணியாகக் கட்டிக்கொண்டது. ராத்தா அதை ஊதி ஆற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “பருத்தி உருகாது தம்பி” என்றார். அந்தத் துணியில் அந்த மாதம் நான் எத்தனையோ பேருக்குச் சுத்தப் பருத்தி என்று சொல்லித் தைத்துக் கொடுத்திருந்தேன். எனக்கு வந்த கோபம் துணிக்கடைக்காரர்மேலா, ராத்தாமேலா என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

அதுதான் ராத்தா. வாயால் சொன்னது எதையும் அவர் கணக்கில் எடுக்க மாட்டார். கையில் வரவேண்டும். “கையில தாங்க, பாப்பம்” என்பதுதான் அவர் அதிகம் சொன்ன பேச்சு. மீன்காரர் புது மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறை கண்டாயிற்று என்று றேடியோவில் சொல்லி, பள்ளிவாசலிலும் அறிவித்த பிறகு, வாசலில் இறங்கி நின்று மேற்கே தேடுவார். முகில் மூடியிருந்தால் ஊரோடு சேர்ந்து நோன்பு பிடிப்பார்தான். ஆனால் மறுநாள் முழுவதும் முகத்தில் ஒரு சம்மதக் குறைவு இருக்கும். என் மனைவிக்குச் சிலாபத்தில் பிள்ளை கிடைத்தபோது, பிள்ளை நல்ல சுகம் என்று ஒழுங்கைக்கே நான் போனில் சொல்லியிருந்தேன். ராத்தா மட்டும் பஸ் ஏறி வந்தார். போர்வையை விலக்கி, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அல்ஹம்துலில்லாஹ் என்றார். என் மனைவி அதற்காக என்னோடு சண்டை பிடித்தாள். எனக்கென்னவோ அது பிடித்திருந்தது.

விரிப்பிலும் அதே சந்தேகம்தான். கத்தரிக்கோலால் கீலம் வெட்ட மாட்டார். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு கையால் இழுத்துக் கிழிப்பார். துணி தன் இழை போகிற பக்கம் தானே கிழிந்து வந்தால்தான் கீலம் முறுகாது என்பார். கிழித்த கீலத்தின் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்து, மறுபடி நடுவால் மடித்து, பிசிர் வெளியே தெரியாமல் பின்னுவார். பின்னலின் தலைப்பை ஜன்னல் கம்பியில் கொளுவிவிட்டு, பின்னப் பின்னப் பின்னால் நகர்ந்துகொண்டே போவார். முன்னறையில் தொடங்கினவர் குசினி வாசலுக்கு வந்திருப்பார். ஒரே இறுக்கம். ஒரு நாள் நான் விளையாட்டாகப் பின்னலின் ஓர் இடத்தைத் தொட்டு, இதிலே என்ன நடந்தது என்று கேட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடம்வரை பிரித்தார். நான் சும்மா கேட்டேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வட்ட விரிப்பு, முட்டை வடிவம், நீட்டு விரிப்பு என்று மூன்று சாதி செய்வார். நீட்டு விரிப்புத்தான் இலேசு: நேர்ப்பின்னல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தைத்து, இரண்டு பக்கமும் குஞ்சம் விட்டால் சரி. முட்டை வடிவத்துக்கு நடுப்பின்னலைக் கொஞ்சத் தூரம் நேராக விட்டுத்தான் முதல் மடக்கு மடக்க வேண்டும். அந்த நேர்த்துண்டு எவ்வளவோ, அவ்வளவுக்கு நீளம் அகலத்தை மிஞ்சும். வட்டம்தான் ஆளைக் கொல்லும். முதல் சுற்றுகளில் உள்பக்கக் கீலத்தை இரண்டு தரம் மடக்கி வளைவு எடுக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் நடு தொப்பிபோல மேலே கிளம்பும். தளர விட்டால் ஓரம் அலை அடிக்கும். தைப்பதற்குச் சாக்கு ஊசியின் மொட்டைப் பக்கத்தைப் பாவிப்பார். கூர்ப்பக்கம் துணியைக் குத்திவிடும். மொட்டைப் பக்கம் பக்கத்துப் பக்கத்துப் பின்னல்களின் கண்ணிகளுக்குள்ளால் போய்வரும். நூல் எங்கே போயிற்று என்று தேடினாலும் தெரியாது. தைத்து முடித்ததைச் சீமெந்துத் தரையில் எறிந்து ஓரத்தால் சுற்றி மிதித்துப் பார்ப்பார். ஓரிடம் கிளம்பினாலும் அதுவரைக்கும் பிரிப்புத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே முடிச்சு. மற்றப் பெண்கள் மூன்று கீலத்தையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் பின்னத் தொடங்குவார்கள். அந்த முடிச்சு விரிப்பின் நடுவில் போய்க் கிடக்கும். ராத்தா இரண்டு கீலங்களைத் தலையோடு தலை சேர்த்துத் தைத்து, அந்தத் தையலுக்குள் மூன்றாவதைச் செருகி மடித்துவிடுவார். பின்னல் எந்த இடத்தில் தொடங்கியது என்று கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. யார் செய்த விரிப்பைக் கொடுத்தாலும் முதலில் அவருடைய பெருவிரல் நடுவுக்குத்தான் போகும். சிலாபத்துக் கடைக்குச் சேர்த்து அனுப்ப மற்றப் பெண்களும் அவரிடம் விரிப்புக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நடுவில் பெருவிரல் நின்றால் போச்சு, விரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“சின்ன முடிச்சுத்தானே ராத்தா.”

“நிண்டு பாத்தீங்களா அதுல? வெறுங்காலோட?”

வெறுங்கால் என்று அவர் சொல்வது ஒருவருடைய காலைத்தான். அவருடைய கணவர் கற்பிட்டிக் கரையில் வாடிக் குடிசை போட்டுக் கடலுக்குப் போனவர். வாரத்தில் ஒரு நாள்தான் தில்லையடிக்கு வருவார். பெரிய உடம்பு, சின்னக் குரல். எஞ்சினுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்று கால் எரிகிறது என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறார். ராத்தா அவருக்குப் போட்டில் போட ஒரு வட்ட விரிப்புப் பின்னினார். பருத்தியைத் தவிர வேறொன்றையும் தொடாதவர், அதற்கு மட்டும் வீடு வீடாகப் போய்ப் பழைய நைலோன் சாரி சேர்த்தார். பருத்தி உப்புத் தண்ணீரில் உக்கிப் போகுமாம். நைலோன் வழுக்கும், இறுக்கம் நிற்காது. மூன்று தரம் பிரித்துப் பின்னியதை என் கடை வாசலில் வைத்துத்தான் முடித்தார். நானே அந்த நடுவில் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மனிதர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காற்றுக் காலம் முடிவதற்குள் ஒரு நாள் கடலுக்குப் போன அந்தப் போட் திரும்பி வரவில்லை. மூன்று பேர் போனார்கள். ஒருவருடைய மையத்து உடப்புப் பக்கம் கரையொதுங்கியது. மற்ற இருவரும் இல்லை, போட்டும் இல்லை. தேடிப் போனவர்கள் கையை விரித்தார்கள். பள்ளிவாசலில் இருவருக்குமாக, மையத்து இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸா தொழ முடிவாயிற்று. மற்றவருடைய மனைவி அழுது ஓய்ந்து இத்தா இருக்கத் தொடங்கினார். கணவன் மவுத்தானால் எங்களில் ஒரு பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், நகை நட்டு இல்லாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அது துக்கத்துக்கு மார்க்கம் தந்த காலம். ராத்தாவிடமும் மௌலவி வந்தார், பள்ளி நிர்வாகத்திலிருந்த ஒரு ஹாஜியாரும் வந்தார். ஒழுங்கை முழுக்க வேலியோரம் நின்றது, நானும்தான்.

“அவர் மவுத்தெண்டு ஒங்களுக்கு யாரு சென்ன?” என்று ராத்தா கேட்டார்.

“யாரு செல்லணும் உம்மா? இவ்வளவு நாளாச்சி. கடல்தானே.”

“கடல் எனக்கிட்ட ஒண்டும் செல்லல்லயே ஹாஜியார். போட்டும் வரல்ல, ஆளும் வரல்ல. ஒரு பலகத் துண்டாவது கொண்டாங்க. தொட்டுப் பாத்துட்டு இத்தா இரிக்கிறன்.”

அவர் குரல் உயரவில்லை. அன்றைய தொழுகையில் ஒரு பெயர்தான் சொல்லப்பட்டது. மறுநாள் காலையில் ராத்தா வெட்டுத்துண்டுக்கு என் கடைக்கு வந்தார், காதில் தோடு போட்டபடி. ஊர் கதைத்தது. அவருக்குப் பைத்தியம் என்றார்கள், நெஞ்சழுத்தம் என்றார்கள். பிறகு வேறு மாதிரியும் கதைத்தார்கள்: மனிதர் மவுத்தாகவில்லை, வேறெங்கோ குடும்பம் வைத்திருக்கிறார், அது தெரிந்துதான் இவர் இத்தா இருக்கவில்லை என்று. ராத்தாவின் காதுக்கும் அது போயிருக்கும். ஆனால் அதுவும் வாயால் சொன்னதுதானே.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முன்னால், ஆம்பிளைச் சட்டை தைக்க ஒரு சேட்டுத் துணியோடு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய கணவருக்கு நான்தான் தைப்பேன், அளவு எனக்குப் பாடம். தைத்துக் கொடுத்தேன். அடுத்த பெருநாளுக்கும் வந்தார். அதற்கடுத்த பெருநாளுக்கும். வந்தால் உடுக்க வேண்டுமே என்று ஒரே ஒரு தரம் சொன்னார், எனக்குச் சொன்னதுபோலவும் இல்லை. அலுமாரியில் அந்தச் சேட்டுகள் மடிப்புக் கலையாமல் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு வருஷம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “கொஞ்சம் விட்டுத் தைக்கவா ராத்தா? மனிசர் எப்பவும் ஒரே உடம்பா இரிப்பாங்களா” என்று கேட்டுவிட்டேன்.

“நீங்க பாத்தீங்களா அவர?”

“இல்ல.”

“நானும் பாக்கல்ல. பாக்காம அளவ மாத்தாதீங்க.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழைய அளவிலேயே தைத்தேன். உடுக்க ஆளில்லாத சேட்டுக்குப் பட்டன் வைக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள். வாப்பா போகும்போது இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போனவள். அவள் வளர்ந்து, முந்தலில் இறால் பண்ணையொன்றில் வேலை செய்யும் ஒரு பையனுக்குப் பேச்சு வந்தது. நல்ல பையன். இவளுக்கும் விருப்பம். என் கடையில் சல்வார் தைக்கக் கொடுக்க வந்தபோதே முகத்தில் தெரிந்தது. எல்லாம் பேசி முடிந்த பிறகு மாப்பிள்ளையின் தாய் ஒரு கேள்வி கேட்டார். நிக்காஹ்வுக்குப் பெண்ணின் பக்கத்திலிருந்து வலியாக, பொறுப்பாளியாக, யார் நிற்பது?

எங்களில் பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க வேண்டியவர் தகப்பன். தகப்பன் மவுத்தென்றால் தகப்பனின் தம்பி நிற்கலாம். ராத்தாவின் கணவருக்குக் கற்பிட்டியில் ஒரு தம்பி இருந்தார், நிற்கவும் தயார்தான். ஆனால் அண்ணன் மவுத்தென்று அண்ணனின் மனைவியே சொல்லவில்லையே. இப்படிப்பட்ட இடத்தில் மார்க்க நீதிபதியான காழியார் நின்று முடித்து வைக்கலாம் என்று மௌலவி வழி சொன்னார். மாப்பிள்ளையின் தாய் ஒப்பவில்லை.

“காழியார் நிண்டா சனம் என்ன கதைக்கும்? ஓடிப்போனவர்ட மகள எடுத்திரிக்கம் எண்டுதானே. வாப்பா உசிரா, மவுத்தா? ஒண்டச் செல்லுங்க. ரெண்டும் இல்லாத வீட்டுல எப்புடிப் பொண்ணெடுக்கிற?”

ராத்தா, தெரியாததை எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டாராம். பேச்சு நின்றது. மாதங்கள் போயின. மகள் என் கடைக்கு வந்து வெட்டுத்துண்டுச் சாக்கை எடுக்கும்போது முகத்தை நிமிர்த்துவதில்லை. ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: “மாமா, உம்மாவ நான் ஏசல்ல. ஆனா எனக்கு அழுகையா வருது.” எனக்கும் ராத்தாமேல் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற காரியமா இது என்று எனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வராது.

பிறகு ஒரு காலையில், ராத்தா என் கடையில் சாக்குக்குப் பக்கத்தில் குந்தித் துண்டு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கற்பிட்டித் தம்பியார் வந்தார். கூடவே அன்று மௌலவியோடு வந்த அதே ஹாஜியாரும். வீட்டில் ஆளில்லை என்று இங்கே வந்திருக்கிறார்கள். தம்பியாரின் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது.

“மதினி, வலையில வந்திச்சி” என்றார் தம்பியார். “நீங்க ஒரு பலகத் துண்டாவது கேட்டீங்க. பலக இல்ல, இது.”

பைக்குள் ஒரு விரிப்பின் துண்டு. நடுவும் சில சுற்றுகளும்தான் மிச்சம், சுற்றிவர இற்றுப் போயிருந்தது. நைலோன். நிறம் என்று ஒன்றும் இல்லை, உப்பும் வெயிலும் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிட்டிருந்தன. கண்ணிகளுக்குள் சின்னச் சின்னச் சிப்பி ஒட்டியிருந்தது. தம்பியார் வேண்டுமென்று பொய் சொல்கிற ஆளில்லை. அண்ணனுடையது என்று நம்பித்தான் கொண்டுவந்திருந்தார். நைலோன் விரிப்பைப் போட்டில் போடுவது அதற்குள் கரையோரமெங்கும் வழக்கமாகிவிட்டிருந்தது. ராத்தா செய்ததைப் பார்த்து எத்தனையோ பெண்கள் செய்தார்கள். கடலில் எத்தனை வீட்டு விரிப்பு போயிருக்கும்.

ராத்தா எழும்பவில்லை. கையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்தார். மணலைத் தட்டினார். நெருப்புப் பெட்டி கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவருடைய பெருவிரல் ஓரத்திலிருந்து சுற்றுச் சுற்றாக உள்ளே வந்து நடுவுக்குப் போனது. போய் நின்றது.

எத்தனை பேருடைய விரிப்பில் அந்தப் பெருவிரல் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது நின்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அது அங்கேயே நின்றது. ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போய் முடிந்தது. ஹாஜியார் இருமினார்.

“என்ட கைதான்” என்றார் ராத்தா.

தம்பியார் அழுதுவிட்டார். ஹாஜியார், இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன் என்று ஓதினார். பிறகு ஒரு சாட்சிக்காகவோ என்னவோ, துண்டை ராத்தாவின் மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீங்களும் பாருங்க தம்பி. துணி வேல தெரிஞ்ச ஆள். உம்மாட வேலதானே?”

நான் வாங்கினேன். பார்க்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் பெருவிரல் தானாகப் போயிற்று. நடுவில், உப்பில் இறுகிக் கல்லாகி, ஒரு முடிச்சு. சுண்டங்காயளவு. நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மெசினுக்குக் கீழே கிடந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்தாக்குத் தெரியாததா” என்றேன்.

அன்று பின்னேரமே காதுத் தோட்டைக் கழற்றிவிட்டார் என்று மகள் சொன்னாள். இத்தா தொடங்கிற்று. வெட்டுத்துண்டுச் சாக்கை நான் மகளிடம் கொடுத்து அனுப்பினேன். பின்னிய விரிப்புகள் மகள் கையால் வந்தன. ஒன்றும் பிழையில்லை, நடுவில் ஒன்றும் தட்டவில்லை. நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான் சிலாபத்துக்கு அனுப்பினேன், ஏன் என்று தெரியாது.

“உம்மா எப்படி இரிக்கிறா?”

“ஓதுறா, பின்னுறா. சாப்பாடு குறைவு.” பிறகு சொன்னாள்: “அந்தத் துண்டத் தொடுறதே இல்ல மாமா. சாச்சா கொண்டந்த பையோடயே அலுமாரிக்கு மேல வச்சிட்டா. நான் எடுத்துப் பாக்கவா எண்டு கேட்டதுக்கு வேணாம் எண்டுட்டா.”

நான் துணியை அளக்கிறவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. யாருடையதோ ஒரு வீட்டுக் கந்தல், யாரோ ஒரு பெண் தன் மனிதருக்கு முடிச்சுப் போட்டுத் தொடங்கினது. அதன்மேல் கையை வைத்து, வாழ்நாளில் ஒருவரின் வாய்ச்சொல்லையும் ஏற்காத மனுஷி, தன் வாயால் தன் கணவரை மவுத்தாக்கினார். பொய் சொன்னார் என்று யாராவது சொன்னால் நான் அவரோடு சண்டைக்குப் போவேன். ஆனால் அது பொய்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

இத்தா முடிந்தது. கலியாணம் நடந்தது. சாச்சா வலியாக நின்று கைபிடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய் நல்ல மாதிரித்தான் நடந்துகொண்டார். பெண்ணின் உடுப்பு நான் தைத்தது, அதைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொன்னார்கள். ராத்தா சபைக்கு வரவில்லை. உள்ளறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள். மகளை முந்தலுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கிழமை வழக்கம்போல வெட்டுத்துண்டுக்கு வந்தார். காது வெறுமையாக இருந்தது. ஒழுங்கையில் பெண்கள் இப்போது அவரோடு மரியாதையாகவும் இரக்கமாகவும் கதைத்தார்கள். பைத்தியம் என்று சொன்னவர்களும்தான். அவர் எல்லாருக்கும் தலையாட்டினார்.

அந்த வருஷ நோன்பும் வந்தது. பெருநாளுக்கு முன் தையல்காரனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நோன்பு திறந்துவிட்டு வாயில் ஈத்தம்பழத்தோடேயே மெசினில் உட்காருவேன். வேலை நடுவே வாசலைப் பார்ப்பேன். அவர் வர மாட்டார் என்று தெரியும். மவுத்தென்று ஊரறியச் சொன்னவருக்கு எதற்குச் சேட்? வராமல் இருக்க வேண்டுமே என்று ஒரு மனம், வந்தால் நல்லது என்று ஒரு மனம். இது எனக்கு வேண்டாத கவலை என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

பெருநாள் நெருங்கிய ஒரு காலையில் வந்தார். துண்டுச் சாக்கை எடுக்கத்தான் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து கடுதாசிச் சுற்றொன்றை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். வெள்ளையில் நீலக் கோடு போட்ட சேட்டுத் துணி. நான் நூலொன்றை உருவிக் கொளுத்திப் பார்த்தேன்; அவரிடம் பழகின பழக்கம். சுத்தப் பருத்தி.

“மருமகனுக்கா ராத்தா?”

“மருமகனுக்கு அவர்ட உம்மா எடுத்திட்டா.”

கடையில் வேறு யாரும் இல்லை. துணியை விரித்து நீவினேன்.

“பழைய அளவுதானே” என்றேன்.

ராத்தா துணியின் ஓரத்தை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெறுமையான காதில் துளைகள் மட்டும் தெரிந்தன.

“இல்ல தம்பி” என்றார். “இடுப்புல ரெண்டு விரல் விட்டுத் தைங்க. அவருக்கும் வயசு போயிரிக்கும்தானே.”

நான் சோக்கட்டியை எடுத்து, பழைய அளவுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளிக் கோடு போட்டேன்.